எச்சரிக்கையை விழுங்கிய பக்கம்

காரிமங்கலத்தில் வீட்டிலிருந்தபடியே ஒரு நிறுவனத்துக்கு இயந்திரக் கையேடுகள் தயாரித்துக் கொடுக்கிறேன். ஒவ்வொரு பகுதியும் தனித்தனி எக்ஸ்எம்எல் கோப்பு. முதன்மைக் கோப்பு அவற்றை அங்கங்கே இழுத்துச் சேர்க்கும். நிறுவனத்தின் சர்வர் மொத்தத்தையும் பிடிஎஃப் ஆக்கித் தரும்.

சென்ற ஆண்டு மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயர் ஒன்றின் கையேட்டு வேலை வந்தது. பாலக்கோட்டுப் பக்கம் தக்காளி போட்டிருக்கும் என் தம்பி அதே மாடலைப் புதிதாக வாங்கியிருந்தான். நான் எழுதிய தமிழ் புரிகிறதா என்று பார்க்க, சர்வர் தந்த பிரதியோடு அவனிடம் போனேன். வெறும் தண்ணீரை ஊற்றி, பக்கம் பக்கமாகப் படித்து இயக்கினான். 'நாசிலைக் கழற்றிச் சுத்தம் செய்யவும்' என்று வந்தது. குழாய் நுனியில் மருந்தைப் பீய்ச்சும் அந்த முனையைக் கழற்றினான்.

டப்பென்று சத்தம். பித்தளை நாசில் தெறித்து அவன் புருவத்தைக் கிழித்தது. முகமெல்லாம் தண்ணீரும் ரத்தமும். அவன் மனைவி துண்டை வைத்து அழுத்திப் பிடித்தாள்.

"பிரஷர எறக்கிட்டுதான் கழட்டணும்னு மேலயே போட்டிருக்குதேடா!"

"எங்கக்கா போட்டிருக்குது? நீயே பாரு."

பார்த்தேன். இல்லை. நானே எழுதிய எச்சரிக்கை அங்கே இல்லை.

தையல் போட்டார்கள். கண் தப்பித்தது. வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தால், அதில் எச்சரிக்கை பளிச்சென்று நிற்கிறது! ஒரே கோப்பு, இரண்டு விதமாக.

தேடியதில் தெரிந்தது. எச்சரிக்கைக் கோப்பின் பெயர் ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்கியது. அழைத்த இடத்தில் சின்ன எழுத்து. என் லேப்டாப்புக்கு இரண்டும் ஒன்று, சர்வருக்கு வேறு வேறு. கோப்பு கிடைக்காவிட்டால் பதிலுக்கு எதைப் போடுவது என்று சொல்லும் இடத்தையும் எல்லாக் கையேடுகளுக்கும் அடிப்படையான, நிறுவனத்தின் மாதிரிக் கோப்பில் காலியாக விட்டிருந்தார்கள். சர்வர் சத்தமில்லாமல் அந்த வெறுமையைப் போட்டுவிட்டது.

நிறுவனத்தின் மேலாளருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன்.

"எரர் எதுவும் வரலியேங்க."

"அதாங்க சார் பயமா இருக்குது. அந்த மாதிரிக் கோப்ப வெச்சுதான எல்லாக் கையேட்டையும் பண்றோம்?"

அவரும் நானுமாகப் பழைய கையேடுகளை ஒவ்வொன்றாகத் திறந்தோம். மாட்டுக்குச் சோளத் தட்டை வெட்டும் இயந்திரத்தின் கையேட்டில், கையை உள்ளே விடக்கூடாது என்ற பகுதியே காணோம். அது அச்சாகிக் கடைகளுக்கே போயிருந்தது.

எல்லாப் பிரதிகளையும் திரும்ப வரவழைத்தார்கள். மாதிரிக் கோப்பிலிருந்த அந்தக் காலி இடத்தை நீக்கினோம். இப்போது ஒரு கோப்பு கிடைக்காவிட்டாலும் சர்வர் பிடிஎஃப் தராமல் நின்றுவிடும். அப்படியும், வாங்கியவர்களில் யாருக்காவது கை போயிருக்குமோ என்று அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.