வெங்காயப் பாத்தியில் கடுகு

கல்யாணமாகிப் பினாங்குக்கு வந்த புதிதில், ஆயர் ஈத்தாமில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் சின்ன வெங்காயம் நட்டேன். பச்சைப்பசேலென்று வளர்ந்த தாள், மழைக்குப் பிறகு ஒவ்வொன்றாக மஞ்சளாகிச் சாய்ந்தது. அடுத்த வீட்டுக் கோழிகள்தான் கிளறுகின்றன என்று வேலியோரம் நின்று சத்தம் போட்டேன்.

கோழிக்காரி ஒரு சீனப் பெண். என் வயதுதான், கீரை பயிரிட்டு விற்பவள். வந்து ஒரு செடியைப் பிடுங்கிக் காட்டினாள். அடியில் வெள்ளைப் பஞ்சு படர்ந்திருந்தது. அதில் பழுப்பு நிறத்தில் சிறு மணிகள்.

"என்ன புள்ள, கடுகைக் கொட்டிட்டியா?" என்றார் எட்டிப்பார்த்த என் கணவர்.

"தானாஹ் சாகிட் லா!" என்றாள் அவள் மலாய் மொழியில். மண்ணுக்கே நோயாம். அந்த மணிகள் மண்ணில் கிடந்து, அடுத்து நடுவதையும் பிடிக்குமாம்.

"ஐயோ, இந்த மண்ணைத்தானே நேத்து பக்கத்துப் பாத்தியிலயும் அள்ளிப் போட்டேன்!" என்றேன்.

கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அவள் தோட்டத்து மண்ணை மண்ணெண்ணெய்த் தகரங்களில் நிரப்பி மறுபடி நட்டேன். இம்முறை தாள் நிமிர்ந்து நின்றது. முதல் அறுப்பை மிளகாயும் முட்டையும் சேர்த்துப் பொரித்து அவளுக்குக் கொடுத்தேன். காரத்தில் கண்ணீர் வழிய, இன்னொரு துண்டு கேட்டாள்.