கோழி குடியிருந்த ஜீப்

கல்முனைக்குடியில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் ஜவுபரிடம் இரண்டு குழாய் ஸ்பீக்கர், ஒரு அம்ப்ளிஃபயர், இசைத்தட்டுப் பெட்டி, நாலு பெரிய பற்றறி எல்லாம் இருந்தன. வாகனம்தான் இல்லை. பள்ளிவாசல் கந்தூரி, கோயில் திருவிழா, மாதா பெருநாள் எதுவென்றாலும் ஒரு சொல் வந்தால் போதும், புறப்பட்டுவிடுவார். கடற்கரை ஊர்களுக்கு பஸ்ஸின் கூரையில் சாமானை ஏற்றிக்கொண்டு போகலாம். மேற்கே வயல்பக்கம் போவதென்றால் மாட்டு வண்டில்தான் கதி.

1981ஆம் ஆண்டு தை மாதம் நாவிதன்வெளியில் ஒரு கலியாணம். மழை விட்டபாடில்லை. வழியில் வண்டில் சில்லு அச்சுவரை சேற்றில் இறங்கி, மாடுகள் இரண்டும் இனி ஏலாது என்று படுத்துவிட்டன. பற்றறிகளை ஒவ்வொன்றாகத் தலையில் சுமந்து வரம்பால் நடந்து ஜவுபர் பந்தலுக்குப் போய்ச் சேர்ந்தபோது தாலி ஏறி, பந்தியும் பாதி எழும்பிவிட்டது. பெண்ணின் தகப்பன் ஒரு வார்த்தை ஏசவில்லை. துவாயை நீட்டி, "முதல்ல தலையத் துடைங்க, மறுகா சாப்பிடுவம்" என்றார். அவர் ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பட்டது ஜவுபருக்கு. தன்னை நம்பிய ஒரு வீட்டில் பாட்டுச் சத்தமே இல்லாமல் கலியாணம் முடிந்துபோயிற்று.

மறுநாள் திரும்பும் வழியில் ஜவுபரும் வண்டில்காரரும், ஏக்கர் கணக்கில் வயல் வைத்திருந்த செல்லத்தம்பி என்ற போடியாரின் வளவில் மாடுகளுக்குத் தண்ணீர் காட்ட நின்றார்கள். நெல்லுக் கொட்டிலுக்குப் பின்னால் ஒரு பழைய ஜீப். கூரைக் கான்வஸ் கிழிந்து, முன்கண்ணாடி போய், ஆசனத்தில் ஒரு சிவப்புக் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. ஜவுபர் அதைச் சுற்றி மூன்று தரம் நடந்தார்.

"எழுபத்தெட்டாம் ஆண்டுப் புயலுக்கு மாமரம் விழுந்தது, அண்டையோட ஓட்டம் நிண்டுபோச்சு" என்றார் செல்லத்தம்பி. "நாலாயிரம் தந்தா இழுத்துக்கொண்டு போங்க தம்பி. கோழிக்கு நான் வேற இடம் பாக்கிறன்."

வீட்டுக்கு வந்து மனைவி றம்ஸியாவிடம் சொன்னார். அவள் மா அரிப்பதை நிறுத்தாமலே கேட்டாள்.

"ஓடுமா அது?"

"ஓடப்பண்ணலாம்."

"ஓடாத சாமானுக்கு ஆருங்க காசு குடுப்பாங்க? ரேடியோ எண்டாலும் பாடுதா எண்டு பாத்துத்தானே வாங்கிற. கிறகரியக் கூட்டிப் போய்க் காட்டுங்க. அவர் ஓம் எண்டா மறுகா கதைப்பம்."

கிறகரி கல்முனையில் கராச் வைத்திருந்தவர். ஞாயிறு காலையில் தேவாலயத்தில் பாடுவார், மற்ற ஆறு நாளும் வாகனங்களுக்கு அடியில் படுத்துப் பாடுவார். இருவரும் சைக்கிளில் போனார்கள். ஜவுபரின் பையில், எரிந்துபோன ஸ்பீக்கரில் கழற்றிய காந்தம் ஒன்று கிடந்தது. எதற்கும் பார்ப்போம் என்று அதை ஜீப்பின் கதவில் வைத்தார். ஒட்டவில்லை. முன்மூடியில் வைத்தார். அங்கும் ஒட்டவில்லை.

"கிறகரி, இது இரும்பே இல்லகா! ஏமாத்துறாங்க!"

ஜவுபரை அண்ணன் முறையில் நானா என்றே கூப்பிடும் கிறகரி விழுந்து விழுந்து சிரித்தார். "அலுமினியம் நானா. இதுதான் இந்தச் சாதி ஜீப்புக்குப் பெலன், உப்புக்காத்து ஒண்டும் செய்யாது. கீழ அடிச்சட்டம்தான் இரும்பு. அந்தக் காந்தத்த இஞ்ச தாங்க."

சேற்றில் சாக்கை விரித்து அடியில் நுழைந்தார். காந்தம் டக், டக் என்று ஒட்டிக்கொண்டு போகும் சத்தம் ஜவுபருக்குக் கேட்டது. இடப்பக்கம் நடுவில் ஓரிடத்தில் சத்தம் வரவில்லை. காந்தம் சேற்றில் விழுந்தது. கிறகரி பாட்டை நிறுத்திவிட்டு ஸ்குரூ டிரைவரால் சுரண்டினார். மேலே தார், தாருக்கு உள்ளே சீமெந்து. துருப்பிடித்து உக்கிப்போன இரண்டு முழம் இரும்பை யாரோ சீமெந்தால் அடைத்துப் பூசி விற்றிருந்தார்கள்.

செல்லத்தம்பி குந்தியிருந்து எட்டிப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது. "என்னையும் பேக்காட்டிப்போட்டானுகள். நாலு வருசம் சீமெந்துக்கு மேலயா ஓடித் திரிஞ்சிரிக்கன்? பாதி விலைக்குத் தாறன் தம்பி. வேணாமெண்டாலும் குறையில்ல."

"வேணாம் நானா" என்றார் கிறகரி. "வேல மாசக்கணக்கில இழுக்கும்."

"எஞ்சின ஒருக்கா மட்டும் கேட்டுட்டுப் போவம்" என்றார் ஜவுபர்.

கொண்டுவந்த பற்றறியைப் பூட்டி, பெற்றோல் ஊற்றி, முன்னால் எஞ்சினைச் சுழற்றும் கம்பியைப் போட்டு மாறி மாறிச் சுழற்றினார்கள். பகல் உச்சிக்கு வந்தபோது ஜீப் இருமியது, கரும்புகை கக்கியது, வளவுக் கோழிகளெல்லாம் கூரையேறின. சிவப்புக் கோழி மட்டும் ஆசனத்தைவிட்டு அசையவில்லை. ஜவுபர் கண்ணை மூடிக்கொண்டு தலையைச் சரித்துக் கேட்டார். இருபது வருடமாகச் சத்தத்தோடு சீவிக்கிறவர். "நாலில ஒண்டு பிந்தி அடிக்கிது. மத்த மூணும் சுத்தம்" என்றார். கிறகரி ஒவ்வொரு பிளக்காகக் கழற்றிப் பார்த்தார். ஜவுபர் சொன்னபடியேதான் இருந்தது.

அன்று பின்னேரம் றம்ஸியாவிடம் ஒன்றும் மறைக்காமல் சொன்னார். சீமெந்தையும் சொன்னார். அவள் சோற்றைப் போட்டு முன்னால் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"கிறகரி வேணாமெண்டுதானே சொன்னார்?"

"ஓம்."

"அப்ப உட்டுடுங்க."

"சரி புள்ள" என்றார் ஜவுபர். ஆனால் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. றம்ஸியாவுக்கு அது தாங்கவில்லை.

"இஞ்ச பாருங்க. கலியாணம் முடிச்சுப் பதினாறு வருசம். அந்த ஊர்ல இப்படி, இந்த ஊர்ல அப்படியெண்டு வந்து வந்து கத சொல்றீங்க. நான் ஒரு ஊரையும் கண்டதில்ல. வாங்கிறதெண்டா முன் சீட் எனக்கு. ஸ்பீக்கருக்கெண்டு என்னய பின்னால தள்ளப்படா."

ஜவுபர் அப்போதுதான் சாப்பிடத் தொடங்கினார்.

வேலை பத்து மாதம் இழுத்தது. வேணாம் என்று சொன்ன கிறகரியே மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு இதில் இறங்கினார். உக்கிய சட்டத்தை வெட்டியெடுத்து, உடைந்த பாலமொன்றில் கழற்றிய கனத்த இரும்பை ஒட்டினார். அந்த இடத்தில் ஜீப் முன்னைவிட இரண்டு மடங்கு பாரம். வயர் வேலை முழுவதும் ஜவுபர் கை. றம்ஸியா ஆசனத்துக்குத் தும்பு அடைத்து மெத்தை தைத்தாள், தன் பக்கத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக. பச்சைப் பெயின்ற் எங்கும் கிடைக்காமல், ஒலுவிலில் தோணிக்கு அடிக்கும் நீலத்தை வாங்கிவந்து பூசினார்கள். "இனிக் கடல்ல உட்டாலும் போகும்" என்றார் கிறகரி.

கார்த்திகைக் கடைசியில் முதல் பயணம். நாவிதன்வெளிப் பக்கத்துப் பாடசாலையொன்றில் பரிசளிப்பு விழா, காலை பத்து மணிக்கு ஒலிபெருக்கி வேண்டும். ஆற்றுக்குக் குறுக்கே தாழப் போட்ட பாதையான கிட்டங்கித் தாம்போதிக்கு வந்தபோது பாதைக்கு மேலால் முழங்காலளவு தண்ணீர் ஓடியது. பஸ் இந்தப் பக்கமே நின்றுவிட்டது. குடை பிடித்தபடி ஐம்பது பேருக்குக் குறையாத கூட்டம்.

கிறகரி சொல்லிக் கொடுத்தபடி ஜவுபர் காற்றாடிப் பட்டியைக் கழற்றினார், தண்ணீரை வாரி எஞ்சினில் அடிக்காமலிருக்க. வயர்களைப் பொலித்தீனால் சுற்றினார். பிஸ்மி சொல்லிப் பைய இறங்கினார். நீல ஜீப் தண்ணீரைப் பிளந்துகொண்டு நடுவுக்குப் போனது. றம்ஸியா கதவுப்பிடியை விடவில்லை, கண்ணையும் மூடவில்லை. அக்கரையில் ஏறியபோது பின்னால் ஊரே கைதட்டியது.

"நானா, எங்களையும் ஏத்துங்க!" என்று ஒரு வாத்தியார் அங்கிருந்து கத்தினார். "பரிசுப் புத்தகமெல்லாம் எங்கிட்டத்தான் இரிக்கி!"

சாமானை இறக்கிவைத்துவிட்டு ஜவுபர் திரும்பிப் போனார். வாத்தியார்மாரும், வெள்ளைச் சட்டைப் பிள்ளைகளும், சந்தைக்கு வந்த பெண்களும் ஒன்பது நடையில் அக்கரை சேர்ந்தார்கள். ஒன்பது நடையும் றம்ஸியா முன் சீட்டைவிட்டு இறங்கவில்லை. மடியில் மட்டும் நடைக்கு ஒரு குழந்தை மாறியது. ஜவுபர் பாடசாலைக்குப் போய் மைக்கைப் பூட்டும்போது மணி ஒன்றாகிவிட்டது. அதிபர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சபையைப் பார்த்தார். பாதிப்பேர் அந்த ஜீப்பில் வந்தவர்கள். சிரித்துவிட்டு, "தொடங்குங்க" என்றார்.

விழா முடிந்து சாமானெல்லாம் ஏற்றியான பின் ஜீப் கிளம்ப மறுத்தது. எங்கேயோ ஈரம். கம்பியைச் சுழற்றிச் சுழற்றி ஜவுபரின் கை ஓய்ந்தது. வாத்தியார்மார் சட்டைக் கையை மடித்துவிட்டுப் பின்னால் வந்து நின்றார்கள், பிள்ளைகளும் ஓடிவந்தார்கள். "கொஞ்சம் இறங்குங்களன் தாத்தா" என்று, அக்காவை அழைக்கும் முறையில், ஒருவர் றம்ஸியாவைக் கேட்டார்.

"நான் ஒண்டும் பாரமில்ல, தள்ளுங்க வாத்தியார்" என்றாள் றம்ஸியா.

தள்ளினார்கள்.