டெஸ்டிங் அண்ணனின் காது

“ஹலோ, ஹலோ, டெஸ்டிங்” என்று ஊதிவிட்டு, மைக் செட்காரர் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டுகிறார். முன்வரிசை நாற்காலிகள் காலியாகின்றன. யாரோ ஒருவர் காதைப் பொத்திக்கொண்டு கையை ஆட்டுகிறார். பாராட்டு என்று நினைத்து இவரும் பதிலுக்குக் கையை ஆட்டுகிறார்.

பாதி ஆயுள் ஸ்பீக்கர் பெட்டியோடு குடித்தனம். காது போகாமல் என்ன செய்யும்? ஆனால் டெஸ்டிங் அண்ணன் ஒப்புக்கொள்ள மாட்டார். “எனக்கு நல்லாத்தான் கேக்குது. நீங்கதான் வாய்க்குள்ளயே பேசுறீங்க” என்பார்.

மகள் நச்சரித்ததால் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒரு காது மெஷின் வாங்கினார். யாரும் காதைச் சோதிக்கவில்லை. செருப்புக் கடையில்கூடக் காலை அளந்து பார்ப்பார்கள். மாட்டிய அன்று கரண்டி விழுந்தது, இடி விழுந்தது போலிருந்தது. மனைவி பேசியது மட்டும் பழையபடி புரியவில்லை. மெஷின் அலமாரிக்குப் போனது.

அடுத்து மகள் அவரைக் காது டாக்டரிடம் இழுத்துப் போனாள். டாக்டர் அழுக்கை எடுத்துவிட்டு, உள்காது தேய்ந்திருக்கிறது, எவ்வளவு என்று ஆடியாலஜிஸ்ட்தான் அளக்க வேண்டும் என்று அனுப்பிவைத்தார். ஆடியாலஜிஸ்ட் ஒரு பெண். சத்தம் புகாத சின்ன அறைக்குள் அண்ணனை உட்காரவைத்து, ‘கூ’ என்று கேட்டால் பொத்தானை அழுத்தச் சொல்லிவிட்டு, கண்ணாடிக்கு வெளியே போய் உட்கார்ந்தார். அவர் தோள் அசைந்தபோதெல்லாம் அண்ணன் அழுத்தினார். ஆடியாலஜிஸ்ட் எழுந்து வந்து, நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டுப் போனார். அதன்பிறகு பொத்தான் பெரும்பாலும் சும்மாதான் கிடந்தது.

கனத்த ஓசை காதில் விழுகிறது, ‘ச’, ‘த’ போன்ற மெல்லிய ஒலிகள்தான் நழுவுகின்றன என்று விளக்கிய அவர், “யார் பேசுறது கேக்கலன்னு உங்களுக்கு வருத்தம்?” என்று கேட்டார்.

அண்ணன் தரையைப் பார்த்தபடி சொன்னார்: “வீட்டுக்காரி. அவ சிரிக்கிறா, எதுக்குன்னு தெரிய மாட்டேங்குது.”

பலமுறை வரவழைத்து, கூட்டிக் குறைத்து, அவர் காதுக்கென்றே ஒரு மெஷினைப் பொருத்தினார் ஆடியாலஜிஸ்ட். அண்ணன் அதை முடிக்குள் மறைத்துக்கொண்டார். அம்மாவிடம் சொல்லக்கூடாது என்று மகளின் வாயையும் அடைத்தார். மனைவி இத்தனை காலம் முகத்துக்கு நேரே தன்னை என்னவெல்லாம் சொல்லித் திட்டியிருக்கிறாள் என்பது ஒரே வாரத்தில் தெரிந்துவிட்டது. ரேடியோ கேட்பதுபோல ரசித்துக்கொண்டிருந்தார்.

நேற்று மாலை ஈரத்துணி வாளியோடு மாடிப்படியில் நின்றுவிட்ட மனைவி, “முட்டி விண்ணு விண்ணுங்குது. இந்த ஆள்கிட்ட சொல்றதுக்கு, செவுத்துல போய் முட்டிக்கலாம்” என்று தனக்குத்தானே முணுமுணுத்தாள்.

அண்ணன் செய்தித்தாளைக் கீழே வைத்தார். எழுந்துபோய், அவள் கையிலிருந்த வாளியை வாங்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் மாடியேறினார்.