கம்பத்தை உதைக்கும் கோலி

கவலைப்படுகிறவர்களுக்கென்று கால்பந்து மைதானத்தில் ஓர் இடம் உண்டென்றால் அது கோல் கம்பங்களுக்கு நடுவில், கோலி என்கிற கோல்கீப்பர் நிற்கும் இடம்தான். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு அந்த இடம் சரியாக அமைந்துபோனது. இப்படி வந்தால் என்ன செய்வது, அப்படி வந்தால் என்ன செய்வது என்று வீட்டில் கேட்டால் திட்டு விழும். அங்கே நின்று கேட்டுக்கொண்டதற்குக் கைதட்டல் கிடைத்தது.

முட்டி போன பிறகு, ஆவடியில் நான் ஆடிய பெண்கள் அணிக்கே கோலிகளுக்கான கோச் ஆனேன். எப்படிக் கற்றுக்கொடுப்பது என்று எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. ஃபோனில் தேடியபோது வீடியோவில் ஒரு ஜெர்மன்காரம்மா கிடைத்தார். அவரும் என்னைப் போலக் கோலியாக நின்று பிறகு கோச் ஆனவராம். அவர் பேசுவது ஒரு சொல்கூடப் புரியாது; கையும் காலும் நன்றாகப் புரியும். அவர் விழுவதையும் எழுவதையும் பார்த்து, மறுநாள் காலை பருத்திப்பட்டு ஏரிப் பக்கத்து மைதானத்தில் பிள்ளைகளை அப்படியே செய்யவைப்பேன். பயிற்சிக்கு முன் அவர் இரண்டு கம்பங்களையும் போய் ஷூ முனையால் டங் டங்கென்று உதைப்பார். எங்கள் பிள்ளைகளும் உதைத்தார்கள். கம்பம் எங்கே இருக்கிறது என்று உடம்புக்குச் சொல்லிவைக்கும் முறை இது என்று விளக்கமும் நானே கொடுத்திருந்தேன்.

அணியின் செயலாளருக்கு என் வேலையில் நம்பிக்கையே இல்லை.

"ஒத்த கோலிக்குத் தனியா ஒரு கோச்சு எதுக்கும்மா? சென்னீர்குப்பம் மேட்ச்ல தோத்தா நீ ஊட்லயே இருந்துக்கோ" என்றார்.

அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

மேட்ச் தொடங்கும் முன் எங்கள் கோலி கம்பத்தை உதைத்தாள். "இன்னாமே, கம்பத்துக்குப் பேய் ஓட்றியா?" என்று எதிரணிப் பெண்கள் சிரித்தார்கள். எங்கள் கோலியின் அப்பா ஐடி கம்பெனிக்காரர், வேலைக்காகக் கொஞ்ச காலம் ஜெர்மனியில் இருந்தவர். அவர் என்னிடம் வந்து காரணம் கேட்டார். நான் ஃபோனில் அந்த வீடியோவைக் காட்டினேன். மனுஷன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஐயோ அக்கா, அங்க பனி கொட்டும். ஷூவுல ஒட்டுன பனியத் தட்டி விடுறாங்க. வேற ஒண்ணுமில்ல!"

சித்திரை வெயிலில் மைதானம் பொரிந்துகொண்டிருந்தது. மனசு கேட்காமல் அவளிடம் ஓடிப் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். ஆவடியிலேயே வளர்ந்த பிள்ளை, கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டே சொன்னாள்:

"பனியா இருந்தா இன்னா, புழுதியா இருந்தா இன்னாக்கா? உதச்சாதான் எனக்கு வவுறு கலக்காம கீது. நீ போய் குந்து."

கடைசி நிமிடம்வரை நாங்கள் ஒரு கோல் முன்னால் இருந்தோம். அப்போது பார்த்து அவர்களுக்குப் பெனால்டி கிடைத்தது. நான் திரும்பி நின்று கண்ணை மூடிக்கொண்டேன். விசில் ஒலித்தது. டங் என்று ஒரு சத்தம். இந்த நேரத்தில் போய்க் கம்பத்தை உதைக்கிறாளே என்று பதறித் திரும்பினேன். பந்து கம்பத்தில் பட்டுத் தெறித்து வெளியே உருண்டுகொண்டிருந்தது. எங்கள் கோலி இடது கம்பத்தைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

செயலாளர் என்னை நேராகப் பார்க்கவில்லை. "நாளைக்கு சீக்கிரம் வந்துடு. சின்னப் பொண்ணுங்களுக்கும் அந்த உதைய கத்துக் குடு" என்றார். பனி விஷயத்தை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

கிளம்பும்போது எதிரணிக் கோலி மெதுவாக என் பக்கத்தில் வந்தாள்.

"அக்கா, மொதல்ல எந்தக் கம்பத்த உதைக்கணும்?"

சொல்லிக்கொடுத்தேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். எல்லா ஊரிலும் அடிப்பக்கம் துருப்பிடித்த பழைய கம்பங்கள். இப்படி ஆளாளுக்கு உதைத்தால் எத்தனை நாள் தாங்கும்? இப்போதைக்கு என் கவலை அதுதான்.