கிணற்றுத் தண்ணீரில் கட்டிய கூழ்

"கரைசல் தண்ணி மாதிரி ஓடுது. எங்கை உங்கடை கூழ்?" என்று எங்கள் துறைத் தலைவர் கேட்டார். எங்கள் தீவில், மண்கும்பானில் நான் நடத்திய சின்ன ஆய்வறையின் தலைவிதி அன்று அந்த ஒரு பீக்கரில் கிடந்தது. கரைசல் கூழாக, அதாவது ஜெல்லாக, இறுகாவிட்டால் அறைக்குப் பூட்டு. என் ஆய்வு மாணவி ஜெசிந்தாவின் பட்டமும் அதோடு சரி.

நான் இரசாயனப் பொறியியல் படிப்பித்தவன். ஆனால் என் ஆய்வான மூலக்கூறுகளின் தன்னொழுங்கமைப்பை எனக்கு ஒருவரும் படிப்பிக்கவில்லை. தட்டித் தடவிப் பிடித்தது. பெயர்தான் பெரிசு. சவர்க்கார மூலக்கூறின் தலை தண்ணீரை விரும்பும், வால் வெறுக்கும். தண்ணீரில் விட்டால் யாரும் சொல்லாமலே வால்களை உள்ளே ஒளித்து, தலைகளை வெளியே நீட்டிக் கூடிக்கொள்ளும். ஊர்காவற்றுறைக் கடற்றொழிலாளியின் மகளான ஜெசிந்தா இதைக் கேட்டுவிட்டு, "மழைக்கு ஒரு குடைக்குள்ளை ஒதுங்கின சனம் மாதிரி, என்ன சேர்?" என்றா. வகுப்பில் நான் சொன்ன விளக்கம் ஒன்றும் அதற்குக் கிட்ட வராது.

நாங்கள் உருவாக்கிய, சவர்க்கார இனத்துப் புது மூலக்கூறு அவவின் கையில் கூழாய்க் கட்டியது. தீவுக்கு வெளியே இருந்த தலைவரின் ஆய்வுகூடத்தில் கட்டவேயில்லை. அதுதான் நேரே பார்க்க வந்தார்.

"மற்ற நாளிலை இதுக்கை சவ்வரிசி ஏதும் போடுறனீரோ?"

ஜெசிந்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "இல்லை சேர். இண்டைக்கு இன்னும் கவனமாய்ச் செய்தனான். நீங்கள் வாறியள் எண்டு பீக்கரைக்கூட நல்ல தண்ணியிலைதான் அலசினனான்."

எனக்குப் பொறி தட்டியது. நானும் புளியங்கூடலில் வளர்ந்தவன். எங்கள் வீடுகளில் உவர்த் தண்ணீர் கழுவுவதற்கு. நல்ல தண்ணீர் குடிக்கவும் வந்தவருக்குக் கொடுக்கவும். ஆய்வுக்கென்று பஸ்ஸில் பிளாஸ்ரிக் கானில் வரும் காய்ச்சி வடித்த நீரையும் அவ அப்படித்தான் பொத்திவைத்திருக்கிறா.

"அப்ப மற்ற நாளிலை எதிலை அலசுறனீர்?" என்று கேட்டேன்.

"கிணத்துத் தண்ணியிலை சேர். அந்த ஈரத்தோடையே கரைசலை விடுறனான்."

"ஒரு கரண்டி விட்டுப் பாரும்."

கிணற்று வாளியிலிருந்து எடுத்து விட்டுக் கலக்கினா. பார்த்துக்கொண்டிருக்கக் கட்டியது. தலைவர் பீக்கரைத் தன் உள்ளங்கைக்கு மேல் கவிழ்த்தார். ஒரு சொட்டு விழவில்லை. கிணற்று நீரின் உப்புப் பட்டதும் அந்தக் குட்டிக் கும்பல்கள் நீண்ட கயிறுகளாகித் தங்களுக்குள் சிக்கிக்கொள்கின்றன என்று பிறகு அளந்து நிறுவினோம். ஜெசிந்தா இப்போது கலாநிதி.

இளையவர்களே, ஒரு பரிசோதனை ஓரிடத்தில் வந்து இன்னோரிடத்தில் வராவிட்டால், ஆளைச் சந்தேகிக்க முதல் தண்ணீரை விசாரியுங்கள்.

அன்று போகும்போது தலைவர் வெறும் கான் ஒன்றைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். "இதை நிரப்பித் தாரும், பிள்ளை." தீவுக்குத் தண்ணீர் வருவதைத்தான் நான் அதுவரை பார்த்திருந்தேன். எங்கள் உவர்த் தண்ணீரை ஒருவர் மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுபோனதை அன்றுதான் பார்த்தேன்.