பூநாரைக்குப் பெரட்டு

பறவை பார்க்கும் தொழிலில் இரண்டு வகை ஆட்கள் உண்டு: பார்க்கிறவர்கள், அவர்கள் பார்த்ததை எழுதுகிறவர்கள், சேறு இருவருக்கும் முழங்கால் வரைக்கும்தான், பெயர் மட்டும் முதல் வகைக்கு. நான் இரண்டாம் வகை. பதுளைக்கு இன்னும் ரயில் வராத காலத்தில், நமுனுகுல மலைச்சரிவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிளாக்கராக இருந்தேன். அடுத்தவர் சொல்லச் சொல்ல எழுதி விரல் காய்த்துப்போன வாசகர்கள் யாராவது இதைப் படித்தால், என் கஷ்டத்தை நான் விளக்க வேண்டியதில்லை. பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து எனக்கும் இடம் கொடுத்தால் போதும்.

பேர் வெட்டாத தோட்டம்

எங்கள் துரைக்கு வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. முப்பது வருடம் மலையில் இருந்தவர். தமிழ் சரளமாக வரும். ஆனால் அதைக் கங்காணிகள் ஆட்களை அதட்டுவதைக் கேட்டே கற்றுக்கொண்டதால், மரியாதை என்பது அதில் ஒட்டவே இல்லை. அவருக்கு மயிலும் ‘அவன்’தான், பக்கத்துத் தோட்டத்துத் துரைசானியும் ‘அவன்’தான். வருடத்துக்கு ஒரு முறை, கொழுந்து குறைந்த மாசி மாதத்தில், அம்பாந்தோட்டைப் பக்கத்தில் கடலோர உப்பேரியான களப்புக்குப் பறவை பார்க்க மாட்டுவண்டி கட்டுவார். எல்லக் கணவாய் இறங்கி, வெல்லவாயைத் தாண்டி, நான்கு நாள் பயணம். கூடப் போகிறவர்கள் சமையல்கார அப்பு சவரிமுத்துவும் நானும்.

நான் முதல் முறை போனபோது, களப்புக் கரையில் விடியற்காலை என் கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்தார். திறந்து பார்த்தால் தோட்டத்துச் செக்ரோல். மலையில் பொழுது விடியுமுன் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுகிறோமே, பெரட்டு, அதற்கான புத்தகம். ஆட்களின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பறவைகளின் பெயர். வந்தவனுக்கு எண்ணிக்கை, வராதவனுக்குக் குறுக்குக் கோடு. சட்டம் ஒன்றே ஒன்று: துரை தன் கண்ணால் பார்த்தது மட்டுமே அதில் ஏறலாம். நூற்றுச் சொச்சம் பெயர்களில் ஒரே ஒரு பெயருக்கு எதிரில் மட்டும் வெறும் கோடுகள். பூநாரை. அது இந்தக் களப்புக்கு வருவது உண்மை. எப்போது வரும், எப்போது போகும் என்பதுதான் யாருக்கும் தெரியாது. துரை வந்து இறங்குவதற்கு முந்தின வாரம் போயிருக்கும், அல்லது அவர் வண்டி ஏறிய மறுநாள் வந்திருக்கும். இப்படிப் பதினோரு வருடம். சவரிமுத்து என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: “பதினோரு வருசமா பெரட்டுக்கு வராத ஆளை இன்னும் பேர் வெட்டாம வச்சிருக்கிற தோட்டம் இது ஒண்ணுதாங்க, கிளாக்கரையா.”

யார் கங்காணி?

களப்பைச் சுற்றி நடந்தால் ஒன்பது மைல் என்று துரை சொல்வார். என் கால்கள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. கரையோரம் முழுக்க உப்புப் பொருக்கு. பார்வைக்கு நுவரெலியாவில் விடிகாலைப் புல்மேல் உறைந்த பனி மாதிரி இருக்கும். கால் வைத்தால் நொறுங்கி, அடியிலிருந்து கறுப்புச் சேறு வாய் திறக்கும். என் செருப்பில் ஒன்றை முதல் நாள் காலையிலேயே களப்பு வாங்கிக்கொண்டது. மற்றதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று நானே கழற்றிக் கொடுத்துவிட்டேன். காலில் பித்தவெடிப்பு உள்ளவர்கள் உப்புச் சேற்றில் நடக்கக் கூடாது என்று எந்த வைத்திய நூலிலும் எழுதியிருப்பதாக நினைவில்லை. இப்போது எழுதிவைக்கிறேன்.

எங்களுக்கு முன்னால் ஓர் ஆள்காட்டிக் குருவி பறந்து பறந்து, நாங்கள் வருகிற செய்தியைக் களப்பு முழுவதற்கும் சொல்லிக்கொண்டே போனது. அதைச் சபித்தபடியே ஒரு மேட்டில் ஏறினோம். அந்தப் பக்கத்து ஈரத்தில் சின்ன உள்ளான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றும் ஒரு கைப்பிடிக்குள் அடங்கும். எங்களைக் கண்டதும் எழுந்தன. எழுந்து, தண்ணீருக்கு மேலே ஒரே துணி போல மடங்கித் திரும்பின. ஒரு திருப்பத்தில் வயிறெல்லாம் வெயில் பட்டு வானத்தில் வெள்ளையாக ஒரு கீற்று. அடுத்த திருப்பத்தில் அங்கே ஒன்றுமே இல்லை. மறுபடி வெள்ளை. மறுபடி ஒன்றுமில்லை. ஒன்றுகூட இன்னொன்றின் மேல் மோதவில்லை, ஒன்றுகூடப் பிந்தவில்லை.

நிகண்டில் பறவைகளுக்கு உள்ள பெயர்களை வரிசையாக ஒப்பிக்கக் கூடியவன் நான். இதற்கு ஒரு சொல் வேண்டுமென்று உள்ளே தேடினேன், அகப்படவில்லை. பென்சில் சேற்றில் விழுந்தது எனக்குத் தெரியவில்லை. துரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். சவரிமுத்து தலையிலிருந்த சோற்றுப் பானையை மெதுவாக இறக்கிவைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டான்: “நூறு ஆளை ஒரு பக்கம் திருப்ப நமக்கு நாலு கங்காணி வேணும். இதுகளுக்கு யாருங்க கங்காணி?”

கோட்டுக்குக் கீழே

மலைக்குத் திரும்பிச் சில மாதம் கழித்து, துரையின் கையெழுத்து இடம் மாறத் தொடங்கியது. முதலில் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே. பிறகு அடுத்த கோட்டில். ஒரு நாள் மேசை விரிப்பில் அழகாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கடிதத்தை என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். கிளாக்கர் வேலையில் பாதி, கண்டும் காணாததுபோல் இருப்பதுதான்.

ஆடி மாதம் கொழும்புக்குப் போய்ப் பெரிய வைத்தியரைப் பார்த்துவிட்டு வந்தார். மறுநாள் ஆபீசுக் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுச் சொன்னார்: கண்ணுக்குப் பின்னாலிருக்கிற நரம்பு வாடிக்கொண்டு வருகிறது, கத்தி வைத்து எடுக்கிற சமாச்சாரம் இல்லை, இன்னும் ஒரு வருடத்தில் பகல் எது இரவு எது என்று தெரியும், அவ்வளவுதான். அதன் பிறகு கப்பலேறி ஊருக்குப் போய்விடுவதாகத் தீர்மானம். நான் மைக்கூட்டை மூடினேன், திறந்தேன். அலமாரியில் இருந்த பறவைச் செக்ரோலை அவர் கையால் தடவி எடுத்து என் முன்னால் வைத்தார். “என் கண் போறான், கிளாக்கர். அவன் போறதுக்கு முந்தி பூநாரை வரணும்.”

கூடை தூக்கிய பறவை

மாசி வரை பொறுக்க அவருக்கு மனமில்லை. ஆவணியிலேயே வண்டி கட்டச் சொன்னார். களப்பு வற்றி, உப்பு விளைந்து, பார்த்த இடமெல்லாம் கண்ணைக் குத்தும் வெள்ளை. இரண்டாம் நாள் முற்பகல், துரை தூரக்கண்ணாடியைக் கண்ணில் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். “வந்துட்டான். வரிசையா நிக்கிறான். செவப்பு. எழுது, நாப்பது.”

நானும் பார்த்தேன். கானலில் நெளிந்துகொண்டு, குனிந்த கழுத்தும் சிவந்த உடம்புமாக நாற்பது உருவங்கள் வரிசையாக நிற்கத்தான் செய்தன. என் கண்ணுக்கு ஒன்றும் கோளாறில்லை. அவை உப்பு அள்ள வந்த ஊர்ச் சனங்கள், சிவப்புச் சாயத் துணியை வரிந்து கட்டிக் குனிந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் எழுதினேன். பூநாரைக்கு எதிரில், அந்த மாசிக் கோட்டையும் சேர்த்துப் பன்னிரண்டு கோடுகளுக்குப் பிறகு, நாற்பது. சக எழுத்தர்களே, அந்த முகத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் எழுதியிருப்பீர்கள்.

அந்த நேரத்தில் பூநாரைகளில் ஒன்று நிமிர்ந்தது. கூடையைத் தூக்கித் தலையில் வைத்தது. பிறகு வாயிலிருந்து புகை விட்டது. துரை கண்ணாடியை இறக்கித் துடைத்து மறுபடி வைத்தார். “கிளாக்கர், அவன் என்ன செய்றான்?”

“சுருட்டுப் பிடிக்கிறாருங்க, துரை.”

துரை சிரிக்கத் தொடங்கினார். கண்ணீர் வருமட்டும் சிரித்தார். சவரிமுத்து திரும்பி நின்று தோள் குலுங்கினான். சிரித்து முடித்ததும் புத்தகத்தை வாங்கி, ரப்பரால் தானே அழித்தார். அழித்தது பூநாரையை அல்ல, அதற்கு மேல் வரிசையில் இருந்த கரண்டிவாயனை. நான் அதைச் சொல்லவில்லை. நாற்பதை அன்று மாலை நானே அழித்தேன், கரண்டிவாயனைத் திரும்ப எழுதினேன். அழித்த கையோடு புத்தகத்தை என்னிடம் நீட்டும்போதே துரை சிரிப்பில்லாமல் சொல்லியிருந்தார்: “இனிமே எனக்காகப் பொய் எழுதினா, உன் பேரை வெட்டிருவேன்.”

துவானின் யோசனை

அடுத்த மாசி. அதுதான் கடைசி முறை என்று மூவருக்கும் தெரியும். துரைக்கு அப்போது வெளிச்சமும் நிழலும், பக்கத்தில் வந்தால் நிறமும் தெரியும், உருவம் தெரியாது. உப்புத் திருட்டைத் தடுக்கச் சர்க்கார் வைத்திருந்த காவல்காரர் ஒரு மலாய்க்காரர். அங்கே எல்லாரும் அவரைத் துவான் என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் வண்டியை வழியிலேயே மறித்து அவர் சொன்ன செய்தி: பூநாரை வந்திருக்கிறது, மூன்று நாளாகக் கிழக்கு மூலையில் நிற்கிறது.

விடியுமுன் நடந்தோம். துரையின் கை என் தோளில். நான் பள்ளத்தில் இறங்கினால் அவரும் இறங்குவார், நான் முள்ளை மிதித்தால் அவர் நின்று கேட்பார். பொழுது புலர்ந்தபோது கிழக்கு மூலைக்கு வந்துவிட்டோம். அங்கே தண்ணீரின் மேல், எட்டின மட்டும் அவை நின்றன. பாளை வெடித்த கமுகம் பூப்போல வெளிறிய உடம்பு, அதில் எங்கேயோ உள்ளே விளக்கு வைத்த மாதிரி ஒரு சிவப்பு. அத்தனையும் தலைகீழாகத் தண்ணீருக்குள்ளும் நின்றன. எந்தப் பறவை மேலே, எந்தப் பறவை கீழே என்று சொல்ல முடியவில்லை.

“எங்கே?” என்றார் துரை.

“நேரே முன்னாலதாங்க.”

வெகுநேரம் பார்த்தார். “வெள்ளை வெளிச்சம்தான் இருக்கு” என்றார். நான் பார்த்ததைச் சொல்லத் தொடங்கினேன். கையைத் தூக்கி நிறுத்தினார். நான் பார்த்தது என் புத்தகத்துக்காம். கிட்டப் போகலாமா என்று துவானைக் கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். “கிட்டப் போக ஏலாது தம்பி, ஓடிரும். வெயில் ஏறினா காத்துத் திரும்பும். அப்ப எழும்பி, இந்தக் கரைக்கு மேலாலதான் கடலுக்குப் போகும். தொரைய இங்கினயே குந்தச் சொல்லுங்க.”

அன்றைய பெரட்டு

குந்தினோம். சவரிமுத்து கொண்டுவந்த தேத்தண்ணி ஆறி, அதில் உப்புக் காற்று படிந்து, யாரும் குடிக்காமல் இருந்தது. வெயில் ஏறியது. காற்று அசையவில்லை. துரை மடியில் கை வைத்து, முகத்தைத் தண்ணீர்ப் பக்கம் வைத்தபடி இருந்தார். காற்று கடல் பக்கத்திலிருந்து வந்து என் புத்தகத்தின் தாளைப் புரட்டியபோது, சவரிமுத்து சிலுவை போட்டுக்கொண்டான்.

அவை எழும்பவில்லை, முதலில் ஓடின. அத்தனை கால்களும் தண்ணீரை அடிக்கிற சத்தம், மலையில் தகரக் கூரைமேல் மழை நெருங்கி வருகிற சத்தம்போல வந்தது. ஓடியபடியே சிறகை விரித்தன. மூடியிருந்தபோது வெளிறிக் கிடந்த உடம்புக்குள் அவ்வளவு நேரமும் ஒளித்துவைத்திருந்த சிவப்பு, ஓரமெல்லாம் கறுப்புக் கட்டி, ஒரே நேரத்தில் திறந்துகொண்டது. வாத்துப்போலக் கத்திக்கொண்டு எங்கள் தலைக்கு மேலால் போயின. வெயிலை மறைத்தன. உப்பு சிவந்தது. என் கையில் இருந்த தாள் சிவந்தது. துரையின் முகத்தின்மேல் அந்த நிறம் ஊர்ந்து போனதை நான் பார்த்தேன். யாரும் சொல்லாமலே அவர் எழுந்து நின்று, அவை போகிற பக்கமாகவே கழுத்தைத் திருப்பிக்கொண்டே வந்தார். கடல் பக்கம் சத்தம் ஓயும்வரை அப்படியே நின்றார்.

எண்ண முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பழக்கம் விடவில்லை. பென்சிலை நனைத்துக்கொண்டு, “எத்தனை ஆளுன்னு எழுதட்டுங்க, துரை?” என்றேன்.

“ஒரு ஆள்.”

“துரை, அது பெரிய கூட்டமுங்க.”

“கூட்டம் நீ பார்த்தது” என்றார், முகத்தை இன்னும் கடல் பக்கமே வைத்துக்கொண்டு. “நான் பார்த்தது ஒரு ஆள். செவப்பா, வானம் அளவுக்கு இருந்தான். எழுது.”

அடுத்தவர் சொல்ல எழுதியே ஆயுளைக் கழித்த என் கையிலிருந்து போன எண்களிலெல்லாம் மிகவும் தப்பானதும், இன்றைக்கும் திருத்த மனம் வராததும், அந்த ‘ஒன்று’ ஒன்றுதான்.