தக்காளி மாதிரி கட்டிய குட்டி

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஆனாலும் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து, இன்று பதுளையில் சொந்தமாக இரண்டு லொறி வைத்திருக்கிறேன். முப்பது வருடத்தில் நான் ஏற்றிய தக்காளி ஒன்றுகூட நசுங்கியதில்லை.

அந்தத் தைரியத்தில்தான், கொஸ்லந்தையில் வாங்கிய நாய்க்குட்டிக்கு வயிறு முட்டப் பால் கொடுத்து, அட்டைப் பெட்டியில் வைத்து, ஆடாமல் இருக்கச் சுற்றிலும் சாக்கைத் திணித்துக் கயிற்றால் கட்டினேன். காற்றுக்கு இரண்டே ஓட்டை.

நானும் மனைவியும் வேனில் பதுளைக்குத் திரும்பும் வழியில் மண் சரிந்து பாதை மூடிவிட்டது. முன்னால் பஸ், பின்னால் லொறி. வேனைத் திருப்பவும் வழியில்லை. மழைக்காக ஜன்னல் கண்ணாடிகளையும் ஏற்றியிருந்தோம். குட்டி கத்தியது, பிறாண்டியது. பிறகு சத்தமே இல்லை.

“என்னங்க, தொறந்து பாருங்க,” என்றாள் மனைவி.

“தூங்குது. சாமான் ஏத்துறத எனக்கே சொல்லித் தர்றியா?”

“தக்காளி மூச்சு விடாதுங்க. இது விடணும்!”

கயிற்றைப் பல்லால் கடித்து அவளே அவிழ்த்தாள். கக்கிய பாலில் முகம் கிடக்க, குட்டி துவண்டிருந்தது. வாயைத் துடைத்து, கதவைத் திறந்து மழைக்காற்றில் பிடித்தேன். வெகுநேரம் கழித்துத்தான் தும்மியது.

இப்போது பயணத்துக்கு முன் அதற்குச் சாப்பாடு கொடுப்பதில்லை. பெட்டிக்குப் பதில் காற்றோட்டமான கூடை வாங்கி, வீட்டிலேயே அதற்குள் தீனி வைத்துப் பழக்கி, முதலில் கடைவீதி வரைதான் கொண்டுபோனேன். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கியே ஓட்டுகிறேன். இதைப்போல் சமர்த்தாக வேனில் வரும் நாய் பதுளையில் இல்லை. என்றாலும் கூடையில் சத்தம் நின்றால், உடனே வண்டியை ஓரங்கட்டிப் பார்த்துவிடுகிறேன்.